பழைய தோட்டத்து இடுகாட்டில் கை வைக்குமுன்: மாணவர் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் செம்பனைக்குள், அதாவது எண்ணெய்ப்பனைக்குள், மறைந்து போன தோட்டத்து இடுகாட்டைத் துப்புரவாக்கலாம் என்று முடிவெடுத்ததும் மாணவர்கள் முதலில் தேடுவது பாராங் கத்தியை. ஒரு சனிக்கிழமை, நாற்பது பேர், கோத்தோங் ரோயோங் (கூட்டு உழைப்பு), மதியம் சோற்றுப் பொட்டலம், நாலு படம், அவரவர் வீடு. சில மாதத்தில் லாலாங் புல் பழையபடி இடுப்பளவு நிற்கும். புல் திரும்ப முளைப்பதை விட்டுவிடலாம். அந்த ஒரு நாளில் சங்குல் (மண்வெட்டி) போட்டுச் சமமாக்கிய மண்மேடுகளுக்குக் கீழே யார் கிடந்தார்கள் என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அதைத்தான் திருப்ப முடியாது.

அதனால் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். நிலம் யாருடையது என்று பார்ப்பது முதலில். பிறகு அனுமதி, குடும்பங்கள், பதிவு, பாதை. கல்லைக் கழுவுவது அதற்கும் பிறகு. இங்கே சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவை, அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையை, எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறோம். தீபகற்பத்தின் மற்றத் தோட்டப்புறச் சிறுநகர்களிலும் நடைமுறை ஏறக்குறைய இதுவே.

இடத்தைக் கண்டுபிடிப்பது

ரப்பர் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம் போலவே சொந்த இடுகாடும் இருந்தது. உதவித்தொகையில் கூலிகளை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணிகள் ஆள் திரட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஊர் திரும்பாதவர்கள் தோட்டத்து மண்ணிலேயே அடங்கினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துச் சனம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போனது, கோயில் சாலையோரத்துக்கு மாறியது. இடுகாட்டை மட்டும் எங்கும் கொண்டுபோக முடியவில்லை.

செம்பனை வரிசையில் திடீரென்று ஓர் இடைவெளி, வெட்டாமல் விட்ட பெரிய மரம், ஒழுங்காக நிற்கும் அரளி அல்லது கெம்போஜா, சற்று மேடான தரை: இவற்றைத் தேடுங்கள். அதைவிடச் சுலபமானது, அறுபது வயதைத் தாண்டிய பழைய பால்வெட்டுக்காரர் ஒருவரைக் கேட்பது. அவர் "பத்தாம் நம்பர் மலைக்குப் பின்னால" என்பார். அந்த எண் இன்றைய வரைபடத்தில் இருக்காது, ஏனென்றால் மறுநடவின்போது பிளாக் எண்களை மாற்றிவிடுவார்கள். அவரை அழைத்துப் போய்க் காட்டச் சொல்வதுதான் வழி.

நிலம் யாருடையது

பழைய தோட்டத்து இடுகாடுகள் பெரும்பாலும் தோட்டத்தின் நிலப்பட்டாவுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அரசு இடம் என்று எண்ணிக்கொண்டு நுழைந்தால் அது அத்துமீறல். பெஸ்தாரி ஜெயா என்றால் கோல சிலாங்கூர் மாவட்ட நில அலுவலகத்தில் 'சாரியான்' (நில உரிமைத் தேடல்) போட வேண்டும். அதற்கு முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரும் லாட் எண் அல்லது பட்டா எண்ணும் தேவை. லாட் எண் தெரியாவிட்டால் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை எடுத்துக்கொண்டு நில அளவைத் துறையான ஜூபெமில் கேளுங்கள். தனியார் சாரியான் தகவலுக்குப் போதும். அதிகாரபூர்வ சாரியானுக்குக் கட்டணம் அதிகம், ஆனால் பின்னால் மனுவோடு இணைக்கும்போது அந்தத் தாளுக்குத்தான் மதிப்பு.

தாளில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: உரிமையாளர் பெயர், நிலப் பயன்பாட்டு வகை, நிபந்தனைகள். பயன்பாடு இன்னும் 'விவசாயம்' என்றிருந்தால் அவகாசம் உண்டு. 'கட்டடம்' என்று மாறியிருந்தால் வீட்டுமனைத் திட்டம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்று பொருள். அப்படியானால் கீழே காகித வேலை என்று வரும் பகுதியைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும்.

மேனேஜரிடம் போவது

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். யார் நீங்கள், எந்தப் பள்ளி அல்லது பல்கலைக்கழகம், பொறுப்பாசிரியர் யார், எத்தனை பேர், எந்தத் தேதிகளில், என்ன செய்வீர்கள் என்பவற்றோடு என்ன செய்யமாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்: தோண்டமாட்டோம், மரம் வெட்டமாட்டோம், தீ மூட்டமாட்டோம், வேலை நேரத்தில் பிளாக்கில் நடமாடமாட்டோம். தோட்ட நிர்வாகத்துக்கு உள்ள பெரிய பயம் விபத்து. இரண்டாவது பயம், இன்று துப்புரவுக்கு வந்தவர்கள் நாளை நிலம் கேட்பார்களோ என்பது. முதல் பயத்துக்குக் காப்புறுதித் தாளை இணையுங்கள். இரண்டாவதற்கு, நில உரிமை பற்றி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற ஒரு வரி போதும். பள்ளி மாணவர்கள் என்றால் தலைமையாசிரியர் கடிதமும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் போகவே கூடாது.

பெரிய கம்பெனித் தோட்டமாக இருந்தால் உங்கள் கையில் ஒரு நல்ல பிடி இருக்கிறது. ஆர்எஸ்பிஓ (நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு) சான்றிதழ் வைத்திருக்கும் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு மதிப்புள்ள இடங்களை அடையாளம் கண்டு காக்க வேண்டும். அதில் ஆறாவது வகை, எச்சிவி 6, பண்பாட்டு, சமய, வரலாற்று முக்கியத்துவம் கொண்ட இடங்களைப் பற்றியது. இடுகாடு அதற்குள் நேராக வரும். "இந்த இடுகாடு உங்கள் எச்சிவி வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளதா?" என்று பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள். குறிக்கப்படவில்லை என்றால், அடுத்த தணிக்கைக்குமுன் குறித்துவிட வேண்டும் என்ற கவலை அவர்களுக்கே வந்துவிடும். சண்டைக் குரலில் கேட்டால் கதவு மூடிக்கொள்ளும், அது வேறு விஷயம்.

மேனேஜரைப் பார்த்த அதே நாளில் மண்டோரையும் (வேலை மேற்பார்வையாளர்) பாருங்கள். குலை வெட்டும் சுற்று பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். எந்தப் பிளாக்கில் எந்த நாள் வெட்டு என்று அவருக்குத்தான் தெரியும். முற்றிய மரத்தின் குலை ஒன்று இருபது கிலோவைத் தாண்டும், அதுவும் தலைக்கு மேலிருந்து விழும். வெட்டு நாளில் அந்தப் பிளாக் வழியாக மாணவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடிக்கும் நாளும் அப்படித்தான்.

இன்னொன்றையும் அன்றே கவனியுங்கள். பிளாக் முனையில் ஒரு சிறு பலகை நிற்கும், அதில் பிளாக் எண், எக்டர், நடவு ஆண்டு எழுதியிருக்கும். செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டில் சாய்த்து மறுநடவு செய்வார்கள். பலகையில் 2003 என்றிருந்தால் 2028ஐ ஒட்டி அங்கே எக்ஸ்கவேட்டர் வரும். மரத்தைச் சாய்த்து, துண்டு போட்டு, கான் (வடிகால்) வெட்டி, தரையைப் புரட்டும் அந்தச் சில வாரங்கள்தான் ஓர் இடுகாட்டுக்கு இருக்கும் மிகப் பெரிய ஆபத்து. ஓட்டுநர் வேறு ஊர்க்காரராக இருப்பார், மேட்டைப் பார்த்தால் அவருக்கு அது வெறும் மேடு. அந்தப் பலகையைப் படம் எடுத்துக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்கள் கால அட்டவணை முழுவதும் அந்த ஆண்டை வைத்தே அமைய வேண்டும்.

குடும்பங்கள்

இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்துத் தாமானிலேயே இருப்பார்கள். கோயில் கமிட்டியிடம் சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு பத்து நிமிடம் பேச இடம் கேளுங்கள். வாட்சாப் குழுக்களில் படம் போட்டால் ஈப்போவிலும் ஜொகூரிலும் இருந்துகூட அழைப்பு வரும். யாராவது "என் தாத்தா சமாதியைத் தொடாதீங்க" என்றால் தொடக் கூடாது. எண்ணிட்டு, தூரத்திலிருந்து படம் எடுத்து, அதோடு விட்டுவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் சூடம் ஏற்றித் தேங்காய் உடைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், செய்யட்டும். சூடத்தை மட்டும் கல்மேல் நேரடியாக ஏற்றாமல் தட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் படும் சூடு கல்லில் வெடிப்பு விட வைக்கும், கரியும் எளிதில் போகாது. கத்தோலிக்கர் கல்லறைகள் கலந்திருந்தால் பங்குக் கோயிலுக்கும், முஸ்லிம் கல்லறை தென்பட்டால் பக்கத்துப் பள்ளிவாசலுக்கும் சொல்லிவிட்டு அவர்கள் முடிவுக்கு விடுங்கள்.

பதிவு: இதில்தான் நேரம் போக வேண்டும்

மொத்த வேலையில் பாதி நேரம் இங்கே செலவாகட்டும். நாளைக்கே இடுகாடு அழிந்தாலும் மிஞ்சுவது இந்தப் பதிவு மட்டுமே.

எட்டுப் பேர் கொண்ட குழு போதும்: அளக்க மூவர், படத்துக்கு இருவர், வாசித்து எழுத இருவர், குடிநீரும் முதலுதவியும் பார்க்க ஒருவர். பொருள்கள்: 30 மீட்டர் டேப் இரண்டு, நைலான் கயிறு 50 மீட்டர், மூங்கில் குச்சி நூறு, ஏ3 கிராப் தாள், கிளிப் பலகை, 2பி பென்சில் (மை மழையில் ஓடும்), 30 சென்டிமீட்டர் அளவுகோல், கைவிளக்கு இரண்டு, ஒரு கறுப்புக் குடை.

முதலில் இடத்தின் நீளவாக்கில் ஓர் அடிக்கோட்டைக் கயிற்றால் இழுங்கள். இரண்டு முனையிலும் ஆழமாக முளை அடித்து, அந்த முனைகளின் தூரத்தை அருகிலுள்ள நிலையான ஏதாவது ஒன்றிலிருந்து அளந்து எழுதுங்கள். கல்வெர்ட், மின்கம்பம், லாட் எல்லைக்கல் எதுவும் சரி, செம்பனை மரம் மட்டும் வேண்டாம், அது போய்விடும். பிறகு அடிக்கோட்டிலிருந்து செங்குத்தாக ஒவ்வொரு சமாதிக்கும் தூரம். செங்கோணத்துக்கு 3-4-5 முறை: கோட்டில் 3 மீட்டர், பக்கவாட்டில் 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் சரியாக வந்தால் கோணம் சரி. கிராப் தாளில் 1 சென்டிமீட்டருக்கு 1 மீட்டர் என்று வரைந்தால் ஒரு ஏ3 தாளில் 40க்கு 28 மீட்டர் இடம் அடங்கும். கைப்பேசி ஜிபிஎஸ்ஸை நம்பிச் சமாதிகளைக் குறிக்காதீர்கள். ஓலைக்கு அடியில் பத்து மீட்டர் தள்ளிக் காட்டும், அந்தப் பத்து மீட்டருக்குள் பதினைந்து சமாதி இருக்கலாம்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணைக் கல்லில் பெயிண்டால் எழுதக் கூடாது, கம்பியால் கட்டவும் கூடாது, கம்பி துருப்பிடித்துக் கல்லில் இறங்கும். கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குச்சி நட்டு அதில் கட்டுங்கள். பிறகு புதிதாக ஒன்று தென்பட்டால் கடைசி எண்ணுக்கு அடுத்ததைத்தான் கொடுக்க வேண்டும். வரிசை அழகாக வரட்டும் என்று எண்களை மாற்றத் தொடங்கினால் படமும் தாளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

கல் இருப்பதை மட்டும் எண்ணிவிட்டு வரும் குழுக்கள்தான் அதிகம். கல் வைக்க வசதி இருந்தவர்கள் கங்காணி, கிராணி (எழுத்தர்), கடைக்காரர், கொஞ்சம் காசு சேர்த்தவர்கள். பால்வெட்டியவர்களில் பெரும்பாலோருக்கு மண்மேடுதான், அதைச் சுற்றி நாலு செங்கல் இருந்தால் அதிகம். ஆறடிக்கு இரண்டடி அளவில் தரை தாழ்ந்து கிடந்தால் அதுவும் ஒரு குழியாக இருக்கலாம், பெட்டி மக்கிய பின் மண் உள்ளே இறங்கும். இரண்டடி, மூன்றடி நீளத்தில் சின்ன மேடுகள் சேர்ந்து கிடந்தால் அவை குழந்தைகளுடையவை. இவை அத்தனைக்கும் எண் உண்டு. சங்குலை இடுகாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

படம்: முழுக் கல் முன்னிருந்து, பின்னிருந்து, இரு பக்கம், பிறகு எழுத்து மட்டும் நெருக்கத்தில். ஒவ்வொன்றிலும் அளவுகோலும் எண் அட்டையும் தெரிய வேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால் சாக்குக்கட்டி தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள், தாள் வைத்துக் கரியால் உரசாதீர்கள். மாவு பூஞ்சைக்கு உணவு, சாக்கு நுண்துளைகளில் தங்கும், உரசினால் உதிரும் நிலையில் உள்ள மேற்பூச்சு கையோடு வரும். அதற்குப் பதிலாகக் குடையால் வெளிச்சத்தை மறைத்து, கைவிளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் வழவழப்பாகத் தெரியும் சிமெண்டில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டதும் எழுத்தின் விளிம்புகளில் நிழல் விழும். இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒன்றில் தெரியாத காலெழுத்து இன்னொன்றில் தெரியும்.

வாசிப்பதில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. லை, ளை, ணை, னை ஆகியவை பழைய கல்லில் தும்பிக்கை போன்ற கொக்கியோடு இருக்கும், ணா, றா, னா சேர்த்தெழுதப்பட்டிருக்கும். தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் இவை. ஆண்டு தமிழ் எண்ணில் இருந்தால் ௧ என்பதைக் க என்றும், ௨ என்பதை உ என்றும், ௭ என்பதை எ என்றும் படித்துவிடுவார்கள். இடமதிப்பு முறையில் ௧௯௩௨ என்றும், பழைய முறையில் ௲௯௱௩௰௨ என்றும் எழுதியிருக்கலாம், இரண்டும் 1932தான்.

ஆங்கில ஆண்டே இல்லாமல் 'பிரபவ வருஷம் மாசி மீ' (மீ என்பது மாதக் குறி) என்று மட்டும் இருந்தால்? அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ 1867, 1927, 1987 ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. தோட்டத்தின் வயதை வைத்து 1927ஐ எடுத்துக்கொண்டால், சித்திரையில் தொடங்கிய ஆண்டின் மாசி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆக அந்தக் கல் 1928 பிப்ரவரி-மார்ச். தை, மாசி, பங்குனி மாதங்களில் இந்தப் பிழை அடிக்கடி நடக்கும்.

கல்லில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். 'திருச்சினாப்பள்ளி ஜில்லா' என்றிருந்தால் அதைத் திருச்சி மாவட்டம் என்று திருத்த வேண்டாம். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்ததைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். சாதிப் பெயர் பொறித்திருந்தால் கோப்பில் அப்படியே இருக்கட்டும், ஆனால் பொதுவில் வெளியிடுமுன் குடும்பத்தைக் கேளுங்கள். எங்கள் கருத்தில், குடும்பம் தெரியாத கல்லுக்கு வெளியீட்டில் அந்தச் சொல் தேவையில்லை.

அன்று இரவே படங்களுக்குச் சமாதி எண்ணோடு பெயரிட்டு மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று ஆசிரியர் கணினியில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று பள்ளி நூலக ஹார்ட் டிஸ்கில். 'நாளைக்குப் பெயர் போடலாம்' என்று விட்ட ஐந்நூறு படங்களை அடுத்த மாதம் எவரும் பிரித்தெடுக்க முடியாது.

பாதையும் களையும்

பாதையை நீங்களாக வெட்ட வேண்டியதில்லை. செம்பனையில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அறுவடைப் பாதையாகவும், இடைப்பட்டது வெட்டிய மட்டை அடுக்கும் வரிசையாகவும் இருக்கும். அறுவடைப் பாதையையே பிடித்துக்கொண்டு போங்கள். மட்டைக் குவியலைத் தாண்டிக் குறுக்குவழி வேண்டாம், எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும்.

வயதானவர்கள் வந்து போவதற்கு ஏற்ற பாதையே உங்கள் இலக்கு. ஒரு பாட்டியை இரண்டு பக்கமும் பிடித்து நடத்த 1.2 மீட்டர் அகலம் வேண்டும், சக்கர நாற்காலி மட்டும் போக 90 சென்டிமீட்டர். கான் குறுக்கிட்டால் 5 சென்டிமீட்டர் தடிமனான பலகைகளை அந்த அகலத்துக்குச் சேர்த்து, அடியில் குறுக்குக் கட்டை வைத்து ஆணியடித்து, இரு கரையிலும் குறைந்தது அரை மீட்டர் உட்காரும்படி போடுங்கள். மேலே கோழிக்கூட்டு வலையை அடித்தால் பாசியில் வழுக்காது. ஒரு பக்கம் இடுப்புயரக் கைப்பிடி. கான் ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம் என்றால் பலகையில் துணிய வேண்டாம், தோட்டத்திடம் கல்வெர்ட் குழாய் கேளுங்கள்.

உள்ளே களையெடுக்கும்போது சமாதியைச் சுற்றி அரை மீட்டருக்குள் கை அரிவாள் மட்டும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூல் சிமெண்ட் பூச்சைச் சீவிவிடும், தெறிக்கும் கல் கண்ணில் படும். அதை இயக்குவது தோட்டத்து ஆளாகவே இருக்கட்டும், மாணவர்கள் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். களைக்கொல்லி அடிப்பதை இடுகாட்டில் தவிர்க்கச் சொல்லுங்கள். வேர் செத்து வெற்று மண்ணானால் இரண்டு பெருமழையில் மேடுகள் கரைந்து போகும். குட்டையான புல் இருப்பது மண்ணுக்கு நல்லது.

செங்கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேர் செங்கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும், இழுத்தால் சுவரே கையோடு வரும். அடியில் ஒட்ட வெட்டிவிட்டு, துளிர்க்கும்போதெல்லாம் மாதம் ஒருமுறை வெட்டுங்கள்.

ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் மழை கனக்கும், அப்போது தாளில் வேலை செய்யுங்கள். மற்ற நாளில் காலை எட்டு முதல் பதினொன்று வரை. ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது பேர் வருவதைவிட மாதம் ஒருமுறை ஆறு பேர் வருவது எவ்வளவோ மேல்.

ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் ஈர மண்ணிலிருந்து தோல் கீறல் வழியாக ஏறும். போய் வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கிளினிக்கில் 'தோட்டத்து மண்ணில் வேலை செய்தேன்' என்று மறக்காமல் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், காலை அசைக்காமல் வைத்து 999. குளவிக்கூடு கண்டால் அன்றைய வேலை முடிந்தது, பொதுத் தற்காப்புப் படைக்குச் சொல்லுங்கள். பூச்சாடிகளில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சாடி குடும்பத்தாருடையது, தூக்கி எறியாமல் மணல் நிரப்பி வையுங்கள்.

கல்லைக் கழுவுவது

தேவை தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், பொறுமை. ஒரு கல்லுக்கு ஐந்து லிட்டர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குழாய் இருக்காது, 20 லிட்டர் கேன்களில் கொண்டுபோக வேண்டும். முதலில் பின்புறம் கீழ்மூலையில் உள்ளங்கை அகலம் கழுவிப் பார்த்து, அடுத்த நடையில் வந்து பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் முழுவதும் கழுவலாம். கல்லை நன்றாக நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் கோடாக இறங்கிக் கறையாகும்.

விரல் முட்டியால் மெல்லத் தட்டும்போது உள்ளே பொள்ளென்று கேட்டாலோ, தொட்டதும் மணலாக உதிர்ந்தாலோ அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். குளோரோக்ஸ் (வெளுப்பான்) வேண்டாம்: முதல் நாள் பளிச்சென்று இருக்கும், உள்ளே இறங்கிய உப்பு காயும்போது படிகமாகி மேற்பரப்பைத் தள்ளி உதிர்க்கும். கழிவறை ஆசிட் சலவைக்கல்லையும் சுண்ணாம்பையும் கரைக்கும். தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம், கம்பி பிரஷ் இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். கல் வெள்ளையாக வேண்டியதில்லை, எழுத்து படிக்க முடிந்தால் போதும்.

சாய்ந்த கல்லை நிமிர்த்தும் ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 125 கிலோ. விழுந்தால் கால் எலும்பு நொறுங்கும். விழுந்து கிடப்பதை விழுந்தபடியே விட்டுவிடுங்கள், சாய்ந்ததைச் சுற்றிக் கயிறு கட்டி ஆளை அண்டவிடாதீர்கள். வெடித்த பழைய செங்கல் சமாதியைச் சிமெண்டால் பூசுவதும் உதவி இல்லை. சுண்ணாம்புக் காரையைவிடச் சிமெண்ட் கடினம், ஈரத்தை வெளியே விடாது, ஈரம் செங்கல் வழியே வெளியேறிச் செங்கல்லைத் தூளாக்கும். குடும்பத்தார் பெயிண்ட் அடித்தே தீருவோம் என்றால் எமல்ஷனுக்குப் பதில் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் அவர்கள் விருப்பம், அடிக்குமுன் எழுத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலை

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி (பழங்கோயில்), நூற்றாண்டுகள் பழமையான கட்டட எச்சம், 2013இல் வீட்டுமனைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது. தனியார் நிலம், அரசிதழில் பதிவு இல்லை. ஆய்வாளர்களுக்கெல்லாம் தெரிந்த இடத்துக்கே அந்த நிலை என்றால் பெயரில்லாத தோட்டத்து இடுகாடு எம்மாத்திரம்.

பதிவு முடிந்ததும் பத்துப் பக்கத்துக்கு மிகாமல் மலாயில் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: அமைவிட வரைபடம், லாட் எண், சமாதிகளின் மொத்த எண்ணிக்கை, படிக்க முடிந்த மிகப் பழைய தேதி, ஆறேழு நல்ல படம், குடும்பத்தாரின் கடிதங்கள், நடவு ஆண்டுப் பலகையின் படம். பிரதிகள் தோட்ட நிர்வாகம், மாவட்ட அலுவலகம், நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவு, ஜபாத்தான் வாரிசான் நெகாரா என்ற தேசிய மரபுடைமைத் துறை ஆகியவற்றுக்கு. கவுண்டரில் உங்கள் பிரதியில் 'தெரிமா' (பெறப்பட்டது) சாப் குத்தி வாங்காமல் வராதீர்கள். சாப் இல்லாத கடிதத்தைப் பிறகு யாரும் பார்த்ததாகவே சொல்லமாட்டார்கள்.

கேட்க வேண்டியதைப் படிப்படியாகக் கேளுங்கள். எளிதானது, தோட்ட வரைபடத்தில் குறித்து, சுற்றிலும் சில மீட்டர் நடவு இல்லாமல் விட்டு, எல்லைக்குச் சிவப்பு-வெள்ளைக் கம்பம் நடுவது. மேனேஜர் மனம் வைத்தால் இது நடக்கும், எக்ஸ்கவேட்டர் ஓட்டுநரின் கண்ணில் படுவதும் அந்தக் கம்பம்தான். அடுத்தது, நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்டத்தில் அந்த இடம் இடுகாடாகக் காட்டப்படுவது. நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இன்படி வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும், அந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது, தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவில் இடுகாட்டு ஒதுக்கீடாக அரசிதழில் வெளியிடுவது. அது அரசு நிலத்துக்குத்தான் பொருந்தும் என்பதால், தோட்டம் அந்தத் துண்டை முதலில் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், ஆண்டுகள் ஆகும். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இன்கீழ் மரபுடைமைத் தலமாக அறிவிக்கக் கேட்பது கடைசிப் படி. நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பதால் மாநிலத்தின் நிலைப்பாடு அங்கே பெரிதும் எடை போடும். பெரும்பாலான தோட்டத்து இடுகாடுகள் அந்த அளவு போகா. அதற்காக முதல் இரண்டு படியை விட்டுவிட வேண்டாம்.

அதே 2005 சட்டம் தொல்பொருள் தேடித் தோண்ட உரிமம் கேட்கிறது. மண்ணில் பழம்பொருள் ஏதாவது தென்பட்டால் எடுக்காமல், படம் எடுத்து மாவட்ட அதிகாரிக்குத் தெரிவியுங்கள். இடுகாட்டில் அத்துமீறிப் பிறர் மனம் புண்படச் செய்வது தண்டனைச் சட்டம் 297ஆம் பிரிவில் குற்றம், வேடிக்கைக்கு இரவில் வீடியோ எடுக்க வருபவர்களிடம் சொல்ல இது உதவும்.

ஆண்டு இறுதியில் ஒப்படைப்பது

மாணவர் குழுவின் பலவீனம், எல்லாரும் படிப்பு முடித்துப் போய்விடுவது. நான்காம் படிவம் அல்லது இரண்டாம் ஆண்டு மாணவர் இருவர் எப்போதும் குழுவில் இருக்கும்படி பாருங்கள். புதியவர்களின் முதல் மூன்று நடைக்கு அவர்கள் கூடப் போகட்டும், மண்டோரிடம் நேரில் அறிமுகம் செய்யட்டும். கோப்பின் ஒரு பிரதி தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் ஒன்று கோயில் கமிட்டியிடமும் இருக்க வேண்டும். குடும்பங்களின் தொலைபேசி எண்கள் உள்ள பட்டியலைத் தனியாக ஆசிரியர் பொறுப்பில் வையுங்கள், கோப்போடு சேர்க்காதீர்கள்.

மேனேஜர் மாற்றலாகிப் போனால் பழைய அனுமதிக் கடிதத்தின் பிரதியோடு புதியவரைப் போய்ப் பாருங்கள். அனுமதி முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கும் கடிதம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.